பெட்டி நிறைந்துபோன விஷயமாக

அன்புள்ள தம்பி,

வீட்டுக் கண்காணிப்பு கேமரா பதிவுப் பெட்டி சரியாகிவிட்டது. அதற்காக நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டாம். இதைச் சொல்லத்தான் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுதியிருந்தேன். ஒற்றைக் கோட்டோடு அப்படியே நிற்கிறது. போன் அடித்தாலும் எடுப்பதில்லை. அதனால் உன் கோலாலம்பூர் செத்தாப்பாக் முகவரிக்குத் தபாலில் போடுகிறேன். அறை மாறியிருந்தால் கூட இருந்த பையன்கள் யாராவது உன்னிடம் சேர்த்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

மழைக்காலத்து இடியில் பழைய பெட்டி கருகியபோது கடைக்காரர் புதியது ஒன்று மாட்டிவிட்டுப் போனார் இல்லையா, அது திடீரென்று ராத்திரியில் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அப்பா எழுந்து கேஸ் அடுப்பைப் பார்க்கிறார், ஐஸ்பெட்டியைப் பார்க்கிறார், எங்கிருந்து சத்தம் என்று தெரியவில்லை. டிவியில் போட்டுப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது, பதிவு நின்றுவிட்டது என்று வந்தது. கடைக்குப் போன் செய்தேன். டிஸ்க் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி விலையும் சொல்லிவிட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிறைவது வேறு, கெடுவது வேறு.

இது எனக்குத் தெரியாதா? பாயான் லெப்பாஸ் பேக்டரியில் நான் உட்கார்ந்த லைனே ஹார்ட் டிஸ்க் லைன்தான். தலையில் பூ வைக்கக் கூடாது, பவுடர் கூடாது, குங்குமத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பு, மணிக்கட்டில் ஸ்டேட்டிக் பட்டை, எட்டு மணி நேரமும் மைக்ராஸ்கோப். தட்டு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும்போது எழுதுகிற முனை அதைத் தொடாமல் மேலே மிதக்கும். நடுவில் இருக்கிற இடைவெளி சில நானோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனே 80,000 நானோமீட்டர் அளவு இருக்கும் என்றால் நீயே பார்த்துக்கொள். புகையின் ஒரு துகள் உள்ளே போனாலும் தட்டில் கீறல் விழலாம். அந்த வேலையில் வந்த ஓ.டி. காசுதான் உன் டியூஷனுக்குப் போனது. அதனால் டிஸ்க் கெட்டதா இல்லையா என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெட்டிருந்தால் டிஸ்க் நிலை என்ற இடத்தில் எரர் என்று வரும், அல்லது கடக் கடக் என்று சத்தம் கேட்கும். இதில் நார்மல் என்றுதான் இருந்தது. காலி இடம் மட்டும் பூஜ்யம்.

கோளாறு செட்டிங்கில்தான். டிஸ்க் நிறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பெட்டி கேட்கும். நிறுத்தவா, பழையதை அழித்து மேலே எழுதவா என்று இரண்டு வழி. மேலே எழுது என்பதைத்தான் ஓவர்ரைட் என்கிறார்கள். கடைக்காரர் அதைப் போடாமல் போயிருக்கிறார். பாஸ்வேர்டு அப்பாவின் பழைய ஹோண்டா நம்பர்தானே, எனக்கு நினைவிருந்தது. நீ எங்கள் இருவருக்கும் மறக்கக் கூடாது என்று அதை வைத்தாய். அந்த யோசனை உனக்குத்தான் வரும்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 43 ஜிகாபைட். நான்கு கேமரா என்றால் 170-ஐத் தாண்டும். நம்முடையது 1 டெராபைட் டிஸ்க், நாள் முழுக்கப் பதிந்தால் ஆறு நாள்கூடத் தாங்காது. அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி நீ முன்பு சொல்லிக் கொடுத்ததை நான் அந்தக் கடைக்காரரிடம் சொல்லிப் போட வைத்திருந்தேன். அதனால்தான் இத்தனை வாரம் ஓடியிருக்கிறது. இப்போது படத்தைச் சுருக்கும் முறை எச்.264 என்று இருந்ததை எச்.265 ஆக்கிவிட்டேன். அதே படம் ஏறக்குறைய பாதி இடத்தில் அடங்கிவிடும். பெட்டியையும் சாமி அலமாரிக்குக் கீழேயிருந்து எடுத்து டிவி பக்கத்தில் வைத்துவிட்டேன். விளக்குச் சூடும் கற்பூரப் புகையும் அதற்கு ஆகாது. காற்று ஓட வேண்டும்.

ஓவர்ரைட்டை உடனே போடவில்லை. போட்டால் ஆகப் பழைய பதிவிலிருந்து அழிந்துகொண்டே வரும். அதற்குமுன் இத்தனை இடத்தையும் என்னதான் அடைத்தது என்று பார்க்க உட்கார்ந்தேன். பாதி கறிவேப்பிலை மரம். காற்றில் கிளை ஆடினால்கூட அசைவு என்று பதிந்திருக்கிறது. ராத்திரியில் கேமரா பக்கம் பூச்சி வருகிறது, பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டுகிறது, வலை ஆடுவதையெல்லாம் மணிக்கணக்கில் எடுத்து வைத்திருக்கிறது. வலையைத் துடைப்பத்தால் எடுத்துவிட்டு, மரம் இருக்கிற பக்கத்தை அசைவு பார்க்கிற கட்டத்திலிருந்து நீக்கிவிட்டேன். கேட்டையும் ரோட்டையும் மட்டும் பார்க்கட்டும்.

அந்த கேட் கேமராவில் ஒரு காடி வந்திருக்கிறது. மைவி கார் மாதிரி இருக்கிறது. ராத்திரிப் படத்தில் எல்லாம் சாம்பல் நிறம், விளக்குக் கூச்சத்தில் நம்பர் தெரியவில்லை. இரண்டு மணிக்கு மேல் வருகிறது. கால்வாய் ஓரம் நிற்கிறது. ஓட்டி வந்த பையன் இறங்கி கேட் வரைக்கும் வருகிறான், கேட்டைத் தொடாமல் நின்றுவிட்டுப் போகிறான். ஒரு ராத்திரி மட்டும் இல்லை. ராஜா எழுந்து கேட்டுக்குப் போகிறது, ஆனால் குரைக்கவில்லை. தபால்காரரைப் பார்த்தே குரைக்கிற நாய் அது. நின்று வாலை ஆட்டுகிறது.

அந்தக் காடிக்குப் பின்னால் இடது பக்க விளக்கு எரியவில்லை. பிரேக் போடும்போது வலது பக்கம் மட்டும்தான் எரிகிறது. ராத்திரியில் இப்படி நெடுஞ்சாலையில் போனால் பின்னால் வருகிறவனுக்கு என்ன தெரியும்? ஈப்போவுக்கு அப்புறம் மெனோரா சுரங்கப் பக்கம் இறக்கமும் லாரியும் எப்படி என்று உனக்குத் தெரியாதா? கோலாலம்பூரிலிருந்து இங்கே 350 கிலோமீட்டர். போக வர 700. தூங்காமல் ஒரே ராத்திரியில் யாரும் அப்படி ஓட்டக் கூடாது. உன் காடியின் பின்விளக்கையும் ஒருமுறை பார். ஒரு பல்பு மாற்ற எவ்வளவு ஆகும்? தள்ளிப் போடாதே.

அப்பாவும் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டார். கண்ணாடி போடாமல் பார்த்தார். வீட்டை நோட்டம் விடுகிற திருடன் என்கிறார். ருக்குன் தெத்தாங்கா அக்கம்பக்கக் காவல் ஆட்களிடம் காட்டப் போகிறேன், ரோந்து போகிறவர்கள் காத்திருந்து பிடிக்கட்டும் என்று இரண்டு நாளாக அதே பேச்சு. மூலை வீட்டில் மோட்டார் சைக்கிள் திருடு போனதிலிருந்து நம் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் கோபம் அதிகம், கையில் கம்போடுதான் சுற்றுகிறார்கள். தெரிந்தவர் வீட்டுக் காடிதான், காட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யார் என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எத்தனை நாள் சொல்லாமல் இருக்க முடியும்? அதனால்தான் சொல்கிறேன், யாராக இருந்தாலும் ராத்திரியில் வந்து நிற்கக் கூடாது. பகலில் வர வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை 9-க்கு வந்திருக்கிறது, கோப்பியில் சீனி போடுவதில்லை. அத்தை முட்டிக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தைப்பூசத்துக்கு நீ வராதது எல்லாருக்கும் குறைதான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நானும் அத்தையும் போனோம். வெள்ளி ரதத்துக்குத் தேங்காய் உடைக்கும்போது உன் பெயருக்கும் சேர்த்து உடைத்தேன். தண்ணீர்ப் பந்தலில் உன் கூட்டாளிகள் எல்லாரும் நின்றார்கள், உன்னைத்தான் கேட்டார்கள். வேலை என்று சொன்னேன். ஓர் அழைப்பு கூடவா முடியாது, தம்பி? உன் பால்குடம் சாமி அறையில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் மூத்த பையனுக்கு வேலை போய்விட்டது. கம்பெனியே ஆட்குறைப்பு செய்திருக்கிறது, அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவன் வீட்டில் சொல்லாமலே இருந்திருக்கிறான். அப்புறம் யாரோ சொல்லித்தான் சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் மனு செய்தான். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, வேலைக் காப்புறுதி, 2018-இல் ஆரம்பித்தது, அதிலிருந்து வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை தருகிறார்கள். 6 மாதம் வரைக்கும் கிடைக்கும். ஆனால் வேலை போன 60 நாளுக்குள் மனு போட்டுவிட வேண்டும். ஆன்லைனிலேயே போடலாம். வேலை நிறுத்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தானாக விலகினேன் என்று கம்பெனி நீட்டுகிற எந்தக் காகிதத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் அந்த உதவி கிடைக்காது. உன் கூட்டாளிகள் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் சொல்லிவிடு. 60 நாள். அதை மறக்க வேண்டாம் என்று சொல்.

2001-இல் எங்கள் லைனை மூடினார்கள். காலையில் வழக்கம்போல பேக்டரி பஸ்ஸில் போனோம், மத்தியானம் கையில் ஆளுக்கொரு உறை. நான் அன்றைக்கே உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, பசியாறினாயா என்பதுதான். காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அவரைக் கோபக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆயர் ஈத்தாம் வீட்டு விஷயத்தில் அவர் பேசியது அதிகம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேலை போனதற்காக வீட்டில் ஒருவரை அவர் குறைத்துப் பேசி நான் பார்த்ததில்லை. அப்போது அடுத்த வேலை கிடைக்கும்வரை தாமான் பாசாரில் வடை போட்டேன். அந்த எண்ணெய்ச் சட்டி இன்னும் இருக்கிறது, தீபாவளிக்கு அதில்தான் முறுக்கு சுடுகிறேன்.

முதல் சம்பளத்தில் நீ அப்பாவுக்கு வாங்கிவந்த கைக்கடிகாரத்தை அவர் இன்னும் கழற்றுவதில்லை. எனக்கு வாங்கிய சேலை கல்யாண வீட்டுக்கென்றே இருக்கிறது. இந்த வீட்டுக்கு நீ கை நிறையப் பையோடு வராத நாள் இல்லை. பெருமைதான், எல்லாரிடமும் சொல்கிறேன். அதையே நீ ஒரு வழக்கமாக்கிக்கொண்டு, பை இல்லாத நாளில் கேட்டைத் திறக்கக் கூடாது என்று நினைத்துவிட்டாயோ என்று இப்போது பயமாக இருக்கிறது. படித்த பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டுமா? வேளைக்குச் சாப்பிடு. ராத்திரியில் ஓட்டாதே. விளக்கை மாற்று.

பெட்டி விஷயத்தை முடித்துவிடுகிறேன். நேற்று ஓவர்ரைட்டைப் போட்டுவிட்டேன். பதிவு ஓட ஆரம்பித்துவிட்டது, சத்தமும் நின்றுவிட்டது. அதற்குமுன் அந்தக் காடி வந்த பதிவுகளை மட்டும் லாக் செய்தேன். லாக் போட்டதன்மேல் பெட்டி எழுதாது. அப்புறம் விரலியிலும் (பென்டிரைவில்) ஒரு பிரதி எடுத்து பீரோவில் என் சேலைக்கடியில் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது. லாக்கை நிரந்தரமாக வைத்திருந்தால் அந்த இடம் பயன்படாமல் போகும், நீ சொல்லிக் கொடுத்ததுதான். சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். நீ வந்து பார்த்த பிறகு எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

இன்னும் பெரிய டிஸ்க் வாங்கிவருகிறேன் என்று நீ முன்பு சொன்னாயே, அது வேண்டாம். இந்த டிஸ்க்கே போதும். எதுவும் வாங்காதே. சனிக்கிழமை பகலில் வா. அப்பா காலையில் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். வெறுங்கையோடு வா, தம்பி.

அன்புடன்,
அம்மா