மூக்கில் விடும் மருந்துக்கு எப்போது காப்புரிமை?

ஆசிரியருக்கு வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சீட்டில் ஊசி என்றதுமே அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைக்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். மூக்கில் தெளிக்கும் மருந்து அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் பழைய மருந்தையே மூக்கு வழியாகக் கொடுத்தால் அது புதுக் கண்டுபிடிப்பு ஆகிவிடுமா? போதைப்பொருள் மிகையாகி மூச்சு அடங்குபவர்களை மீட்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பான் வழக்கில், துறை தெரிந்தவருக்கு இது எளிதில் தோன்றக்கூடியதுதான் என்று அமெரிக்க நீதிமன்றம் 2020-ல் காப்புரிமைகளைச் செல்லாது என்றது. 2022-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

அதற்காக எல்லாவற்றையும் மறுக்கச் சொல்லவில்லை. மூக்கின் சளிப்படலம் மருந்தைத் தங்கவிடாது, கொஞ்ச நேரத்திலேயே தொண்டைக்குத் தள்ளிவிடும். அதைச் சமாளிக்க உண்மையிலேயே புது வழி கண்டவருக்கு 20 ஆண்டு உரிமை தரட்டும், சரி.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவுப்படி, காப்புரிமை வழங்கும் முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். இங்குள்ள மருந்தியல் ஆசிரியர்கள் வெளியாகும் விண்ணப்பங்களைப் படித்து, தேவையான இடத்தில் ஆட்சேபம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு மருந்தாளுநர், கடலூர்