ஊசுட்டேரி சம்பைக் கொளுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையில் கிடக்கும் ஊசுட்டேரியைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். கரையோரம் சம்பும் (தண்ணீரில் நாணல்போல உயரமாக வளரும் புல்) கோரையும் மண்டிக் கிடப்பதால் ஏரியே கண்ணுக்குத் தெரியவில்லை, பொக்லைன் விட்டு ஒரேயடியாக வழித்து எடுத்துவிட்டு நடைபாதை போட்டு விளக்கு வைத்தால் வெளியூர்க்காரர்கள் வந்து பார்ப்பார்கள் என்கிறார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த ஏரிப் பாசனத்தில் நிலம் இருக்கிறது. ஏரியில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது என் வயல். சம்பைப் பற்றி யாராவது புகார் சொல்ல வேண்டுமென்றால் அது என்னைப் போன்றவர்கள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சம்பு கூடிவிட்டது என்பது உண்மை. என் அப்பா காலத்தில் கரையை ஒட்டி ஒரு பட்டையாக இருந்தது, இப்போது பல இடங்களில் உள்ளே இறங்கி வருகிறது. அது ஏன் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆழமான தண்ணீரில் சம்பு கால் ஊன்றாது. வண்டல் படிந்து ஏரி மேடாகிற இடத்தில்தான் அது பரவும். வரத்து வாய்க்காலில் சாக்கடையும், மேலே உள்ள வயல்களின் உரமும் கலந்து வந்தால் அதற்குக் கொண்டாட்டம். அந்த அழுக்கைத்தான் அது தின்று வளர்கிறது. வேகமாக வரும் கலங்கல் தண்ணீர் சம்புக்குள் புகுந்ததும் நிதானப்பட்டு, வண்டலைக் கீழே விட்டுவிட்டுத் தெளிந்து போவதை மழைக்காலத்தில் யார் போனாலும் பார்க்கலாம். சம்பை எடுத்துவிட்டால் அந்த அழுக்கு எங்கே போகும்? நேராக ஏரிக்குள்தான். அப்புறம் ஆகாயத்தாமரை வந்து மூடிக்கொள்ளும். அதற்கும் ஒரு பொக்லைன் வர வேண்டும்.

கரை விஷயமும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி நிற்கும்போது வாடைக்காற்று அடித்தால் அலை கரையை அறுக்கும். முன்னால் சம்பு நிற்கிற இடத்தில் அலை அங்கேயே செத்துவிடும். சம்பு இல்லாத இடத்தில்தான் மண் சரிந்து மணல் மூட்டைக்கு ஓட வேண்டியிருக்கிறது. நடைபாதை போடச் சொல்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும், அந்த நடைபாதையும் அந்தக் கரைமேல்தானே போட வேண்டும்?

போன கோடையில் தண்ணீர் வற்றிச் சம்பு காய்ந்து நின்றபோது அதில் தீப்பிடித்தது. பீடித் துண்டோ, மேய்ச்சலுக்குப் புல் துளிர்க்கட்டும் என்று வைத்ததோ, தெரியாது. மறுநாள் போய்ப் பார்த்தேன். தூக்கணாங்குருவிக் கூடுகள் கருகிக் கிடந்தன. இவை பனை மரத்தில் கட்டுகிற குருவி அல்ல. நெஞ்சில் கோடு கோடாக இருக்குமே, அந்த இனம். தண்ணீருக்குமேல் நிற்கும் சம்பிலும் நாணலிலும்தான் கூட்டமாகக் கட்டும். ஓடு வெந்த ஓர் ஆமையும் கிடந்தது. சரி, இவ்வளவு செய்து சம்பாவது ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. முதல் மழை விழுந்ததும் பழையதைவிடப் பச்சையாகக் கிளம்பிவிட்டது. சம்பின் உயிர் மண்ணுக்குள் ஓடும் கிழங்கில் இருக்கிறது. மேலே கொளுத்துவது அதற்கு முடி வெட்டிவிடுகிற மாதிரி. பக்கத்தில் வளரும் வேறு செடிகள் செத்துப்போக, அந்த இடத்தையும் சம்பே பிடித்துக்கொள்கிறது.

பறவை ஆர்வலன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். நீலத் தாழைக்கோழி மேல் எனக்குப் பெரிய பாசமும் கிடையாது. நட்ட நாற்றைப் பிடுங்கிப் போடும், கதிர் வந்தால் தாளை மடக்கித் தின்னும். எங்கள் பக்கத்தில் அதைத் திட்டாத விவசாயி இல்லை. ஆனால் சம்புக்குள் இருக்கும்போது அது தின்பது சம்பின் குருத்தை. நீண்ட விரல்களால் தண்டைப் பிடித்து, சிவந்த அலகால் உரித்து, வெள்ளைச் சோற்றை மட்டும் எடுத்துத் தின்பதைக் கரையில் இருந்தே பார்க்கலாம். சம்பை மொத்தமாக எடுத்துவிட்டால் அத்தனை கோழியும் எங்கே இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாசகர் சொல்லும் வெளியூர்க்காரர்கள் பார்க்க வருவதும் இவற்றைத்தானே? மஞ்சள் குருகு என்று ஒன்று உண்டு. ஆள் வந்தால் பறக்காது, கழுத்தை வானத்தைப் பார்க்க நீட்டிக்கொண்டு சம்போடு சம்பாக நின்றுவிடும். காற்றில் சம்பு ஆடினால் அதுவும் கூட ஆடும். செந்நாரை அடர்ந்த சம்புக்குள் கூடு வைக்கும். விரால் தன் குஞ்சுகளைச் செடி மறைவில்தான் காவல் காத்து வளர்க்கும், மீன் பிடிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மார்கழி, தை மாதங்களில் வடக்கேயிருந்து வரும் சேற்றுப் பூனைப்பருந்து சம்பின் தலையை உரசுவதுபோலத் தாழப் பறந்து இரை தேடும். பொழுது சாய்ந்தால் தகைவிலான் குருவிகள் கூட்டமாக வந்து சம்பில் இறங்கி இரவு தங்கும். அங்கே விளக்கு வைத்தால் அவை வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊசுட்டேரி ஏறக்குறைய 800 ஹெக்டேர். அதில் புதுச்சேரிக்கு உட்பட்ட 390 ஹெக்டேர் 2008ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கும் மறுபாதியைத் தமிழக அரசும் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 29ஆம் பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் உயிரினங்களின் வாழ்விடத்தை அழிக்கக் கூடாது. 30ஆம் பிரிவு சரணாலயத்துக்குத் தீ வைப்பதைத் தடுக்கிறது. ஆக, சம்பை வழிக்க வேண்டும் என்று பத்திரிகையில் கேட்கலாம். நினைத்தவுடன் வண்டியைக் கொண்டுவந்து இறக்க முடியாது. தீ எந்த மாநில எல்லையில் பிடிக்கிறது என்று பார்த்து அலுவலகம் தேடி ஓட வேண்டியிருப்பதுதான் எங்கள் சங்கடம். இரண்டு பக்கமும் ஒரே தொலைபேசி எண்ணைப் பலகையில் எழுதி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

அப்படியென்றால் சம்பை அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. மதகுக்கு முன்னாலும் வரத்து வாய்க்கால் வாயிலும் அது நிற்கக் கூடாது, தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். நடு ஏரியில் வண்டலை எடுத்து ஆழப்படுத்த வேண்டும். ஆழம் வந்தால் சம்பு தானாக ஓரத்துக்கு ஒதுங்கும். மற்ற இடத்தில் ஒரு துண்டு அறுத்தால் அடுத்த துண்டை விட வேண்டும், விட்டதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். அறுக்கும் விதம் முக்கியம். பச்சைத் தண்டு மட்டுமல்ல, காய்ந்து நிற்கும் தண்டு வழியாகவும் கிழங்குக்குக் காற்று இறங்குகிறது. தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் அடியோடு அறுத்துவிட்டால், மேலே நீர் நின்றதும் கிழங்கு மூச்சு முட்டி அழுகிவிடும். புரட்டாசியில் அறுத்தால் ஐப்பசி மழை மீதி வேலையைச் செய்துவிடும். அதற்கு முன் வனத்துறையினர் நடந்து பார்த்து, கூடு இருக்கிற இடங்களில் கொடி நட்டு விலக்கிவிட வேண்டும்.

இதற்கு பொக்லைன் தேவையே இல்லை. அது இறங்கினால் கிழங்கைத் துண்டு துண்டாக்கி ஏரி முழுக்கப் பரப்பிவிட்டுத்தான் ஏறும். கருக்கரிவாள் போதும். அறுத்த தழையை மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போடலாம், கத்தரிப் பாத்தியில் மூடாக்காகப் போடலாம். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் இதைச் சேர்த்தால் கூலியும் உள்ளூரிலேயே தங்கும். எங்கள் பாசனக்காரர்கள் புரட்டாசியில் அரிவாளோடு வரத் தயார். வனத்துறை அதற்குள் இடத்தைக் காட்டி, அனுமதியை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஊசுட்டேரி பாசன விவசாயி ஒருவர்,
வில்லியனூர் கொம்யூன், புதுச்சேரி.