கட்டுரையில் விடுபட்ட கல்மதில்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த இத்தாலியின் சிங்க்வே தெர்ரே என்ற ஐந்து கடலோர ஊர்களைப் பற்றிய பயணக் கட்டுரை, வண்ண வீடுகளையும் கடலையும் அழகாகச் சொன்னது. சரி, ஆனால் அந்த ஊர்களுக்கு மேலே மலையைத் தாங்கி நிற்கும் படிக்கட்டுத் தோட்டங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1997-ல் யுனெஸ்கோ அப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு அந்தச் சரிவு வயல்களும் முக்கியக் காரணம். அவற்றைத் தாங்குபவை சிமென்ட் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய மதில்கள். பார்க்க ஆளில்லாமல் போனால் மதில் சரியும், அப்புறம் மண்ணும் சரியும். 2011 அக்டோபர் பெருமழையில் அந்த ஊர்களில் ஒன்றான வெர்னாசா சேற்றில் புதைந்ததை மறக்க முடியுமா?

சில ஆண்டுகளுக்கு முன், கைவிடப்பட்ட சரிவை மீட்டு ரசாயனம் இல்லாமல் திராட்சை வளர்க்கும் ஒரு குடும்பத்துக்கு அங்கே பழம் பறிக்க உதவினேன். இடுப்புயர மதில் ஒன்று சரிந்து கிடந்தது. அப்பாவும் மகளும் பெரிய கல்லை முகப்பில் வைத்து, பின்னால் பொடிக்கல்லைக் கையால் திணித்து, பொழுது சாயும்வரை வேலை செய்தும் இரண்டு மீட்டர் நீளம்கூட எழவில்லை. அதைப் பார்த்த பிறகு அவர்களின் ஒயின் விலை அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனி இத்தகைய கட்டுரைகளில், சிறு தோட்டக்காரர்களிடமே நேரடியாக வாங்குங்கள், மதில்மேல் ஏறி நடக்காதீர்கள் என்ற இரண்டு குறிப்புகளையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், மிலான்