ஆறு மணி பூசை மணிக்கு ஒரு நன்றி மடல்

மரியே வாழ்க. எங்க அப்பாவுக்கு இந்த மே மாசம் நினைவுப் பூசை வைக்கிறோம். அதுக்கு முன்னாடி 2020ல எங்க விசுவாசத்தைத் தாங்கிப் பிடிச்ச சில பேருக்கு நன்றி சொல்லிடணும், இத்தனை வருஷமா சொல்லாம விட்டதே தப்பு.

எங்களுது நீடாமங்கலம் பக்கம், பெரிய பங்குக் கோயிலோட சேந்த ஒரு சின்ன கிளைப்பங்கு. தஞ்சாவூர்-நாகப்பட்டினம் ரோட்டுல காவி கட்டிட்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்களுக்கு வருஷா வருஷம் மோர் கொடுக்கிற ஊரு. அந்த மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்ததும் கோயில் கதவை சாத்திட்டாங்க. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர், எதுக்குமே கோயிலுக்குள்ள ஜனம் கிடையாது. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து பெரிய வெள்ளிக்கு சிலுவையை முத்தி செய்யாம வீட்டுக்கு வந்ததில்ல, அன்னிக்கு அம்மா உள் அறையில இருந்த பாடுபட்ட சுரூபத்தை எடுத்துத் தொடச்சு எங்க எல்லார்கிட்டயும் நீட்டினாங்க, அப்பதான் எனக்கு அழுகையே வந்துச்சு.

முதல்ல பிள்ளைங்களுக்கு நன்றி. மாதா டிவி எந்தெந்த நேரம் பூசை போடுதுன்னு எழுதி ஒவ்வொரு வீட்டு டிவி பக்கத்துலயும் ஒட்டிட்டுப் போன நம்ம இளையோர் பசங்களைத்தான் சொல்றேன். மார்ச் 27 ராத்திரி பத்தரை மணிக்கு போப் பிரான்சிஸ் மழையில வத்திக்கான்ல ஆளே இல்லாத அந்த பெரிய மைதானத்துல தனியா நடந்து வந்தாரே, 1522ல ரோம்ல கொள்ளைநோய் வந்தப்ப தெருத்தெருவா தூக்கிட்டுப் போன அதே சிலுவை முன்னாடி நின்னாரே, அதை அப்பாவுக்கு காட்டுனதும் அவங்கதான். அப்பா எழுந்து நின்னே பாத்தாரு, முடியுற வரைக்கும் உக்காரல.

ஆனா டிவியில ஞாயித்துக்கிழமை பூசை பாக்க மட்டும் அவருக்கு மனசு ஒப்பல. "பந்தியில மத்தவன் சாப்பிடுறதை வாசல்ல நின்னு பாக்குற மாதிரி இருக்குடி"ம்பாரு. அம்பது வருஷமா ஞாயிறு தவறாம பூசையில நன்மை, அதான் நற்கருணை அப்பம், வாங்கின மனுஷன், அவரு சொன்னதுல தப்பே இல்லைன்னு எனக்கு இன்னிக்கும் தோணுது.

அப்பதான் நம்ம பங்குச் சாமி போன் பண்ணி அப்பாகிட்ட அரை மணி நேரம் பேசுனாரு. சாமி, அந்த போனுக்குத்தான் என்னோட பெரிய நன்றி. ஞான நன்மைன்னு ஒண்ணு இருக்கு, பூசைக்கு வர முடியாதவங்க ஆசையோட ஆண்டவரை மனசுக்குள்ள அழைச்சா அவரு வருவாரு, புனித அல்போன்ஸ் லிகோரி அதுக்கு செபமே எழுதி வச்சிருக்காருன்னு சொன்னீங்க. சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குற பாவசங்கீர்த்தனத்துக்கு வழியில்லாதப்ப உத்தம மனஸ்தாபப்பட்டு, அதாவது ஆண்டவர் மேல அன்பு வச்சு பாவத்துக்கு மனசார வருந்தி, வழி கிடைச்சதும் சாமியார்கிட்ட போறேன்னு உறுதி எடுத்துக்கணும்னு சொன்னீங்க. அதோட விடாம, "நான் காலையில ஆறு மணிக்கு தனியா பூசை வைப்பேன், அப்பத்தை உயர்த்திக் காட்டுற எழுந்தேற்றத்தப்ப கோயில் மணியை அடிக்கச் சொல்றேன், நீங்க வீட்டுலயே முழந்தாள் போடுங்க"ன்னீங்க.

சொன்னபடி மறுநாளே மணி அடிச்சுது. அப்பா திண்ணையில துண்டை விரிச்சு முழந்தாள் போட்டாரு, அடுத்த வீட்டு பெரியம்மா வாசல்ல, அதுக்கடுத்த வீட்டு அண்ணன் மாட்டுக் கொட்டாய்ல கையில சாணிக்கூடையோட. தெருவே முழந்தாள்ல. யாரும் யாரையும் பாக்கல, மணிச்சத்தம் நின்ன அப்புறமும் கொஞ்ச நேரம் யாரும் எந்திரிக்கல. ஒரு நாள் கூட தவறாம மணி அடிச்ச, கோயில் வேலையில சாமிக்குத் துணையா இருக்கிற உபதேசியார் அய்யா, உங்களுக்கு கால் வீக்கம் இருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும், மன்னிச்சுக்கோங்க. மே பொறந்து மாதா வணக்கமாசம் வந்ததும் வீடு வீடா போற ஜெபமாலையும் இல்லைன்னு ஆச்சு, அன்பியத்து (பக்கத்து வீட்டுக்காரங்க சேந்து ஜெபிக்கிற குழு) அக்காமாருங்க அவங்கவங்க வாசல்ல நின்னு ராத்திரி ஏழு மணிக்கு சத்தமா சொல்ல ஆரம்பிச்சாங்க, ஒரு வீட்டுல அருள்நிறை மரியே ஜெபத்துல பாதி சொன்னா மீதியை எதிர்வீட்டுல முடிப்பாங்க.

அந்த மாசமே அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. கொரோனா இல்ல, பழைய நெஞ்சு வியாதி. சாமி டிவிஎஸ் ஃபிஃப்டியில, வழியில ரெண்டு இடத்துல போலீஸ் நிறுத்தி விசாரிச்சும், மாஸ்க்கோட வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, நோயாளிகளுக்குப் பூசுற அவஸ்தை எண்ணெய் பூசி, சட்டைப்பைக்குள்ள நெஞ்சோட சேத்து வச்சிருந்த சின்ன சிமிழ்லேருந்து நன்மை எடுத்துக் கொடுத்தாரு. ரெண்டு மாசத்துக்கப்புறம் வாங்குன நன்மை. அப்பா வாயை மூடிட்டு ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவே இல்ல, நான் பயந்து போய் கையைப் பிடிச்சேன், லேசா அழுத்துனாரு. மூணாம் நாள் போய்ச் சேந்துட்டாரு.

அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல கூடாதுன்னு சட்டம். பூக்கடையும் கிடையாது. மாரியம்மன் கோயில் பூசாரி அய்யா விடிகாலையில தோட்டத்து நந்தியாவட்டை மொத்தத்தையும் பறிச்சு ஒரு கூடை கொண்டாந்து வாசல்ல வச்சுட்டு, இருபதுல ஒரு இடத்தை நான் எடுத்துக்கக் கூடாதும்மான்னு தெருமுனையிலயே நின்னுட்டாரு. அய்யா, உங்களை நாங்க மறக்கல. குழி வெட்டின நாலு தம்பிங்களுக்கும் நன்றி, ஒருத்தனும் காசு வாங்கல.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் தொறந்து அப்புறம் வாய்க்கால்ல தண்ணி வந்தப்ப அப்பா இல்லை. செப்டம்பர் 1 கோயிலெல்லாம் தொறந்தாச்சு, அம்மா முதல் வரிசையில அப்பா உக்கார்ற இடத்துல தன் முக்காட்டை விரிச்சு வச்சாங்க.

சாமி, நீங்க இப்ப வேற பங்குல இருக்கீங்க. மே கடைசி சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நினைவுப் பூசை, அப்பா பேரை நீங்களே வாசிக்கணும்னு அம்மா கேக்குறாங்க. உபதேசியார் அய்யாதான் மணி அடிப்பாரு. மத்தவங்களும் வந்துடுங்க, எங்க வீட்டுலதான் ராத்திரி சாப்பாடு.