தாத்தா உளவுத்துறையில் இருந்தாரா? அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். தாத்தா ஸ்பெஷல் பிராஞ்சில் (எஸ்.பி. என்ற போலீஸ் உளவுப் பிரிவில்) இருந்தாரா இல்லையா என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். இதுவரை தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வீட்டுக்குள் பேச வேண்டியதைப் பொதுவில் எழுத நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி. மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில், ‘எங்கள் பெரியவர் எஸ்.பி. ஆள்’ என்று பெருமையாகவோ குரலைத் தாழ்த்தியோ சொல்லாத குடும்பம் குறைவு என்பதால், இது நம் வீட்டு விஷயம் மட்டுமன்று.

பதக்கம், போலீஸ் நிலைய வாசலில் சீருடை அணியாத வெள்ளைக்காரர் ஒருவரோடு எடுத்த படம், இரவில் தோட்டத்துச் சாலை முனையில் வந்து நின்ற ஜீப், கிராணி (தோட்டத்து எழுத்தர்) சம்பளத்தில் வாங்கவே முடியாதென்று பெரியப்பா இன்றும் அடித்துச் சொல்லும் டவுன் வீடு: இவற்றைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சான்றாகச் சொல்லி வருகிறோம். இவற்றுள் தானே வாய்திறந்து பேசக்கூடியது பதக்கம் ஒன்றுதான். ஊதா நாடாவின் நடுவே பச்சைக் கோடும், மேலே ‘மலாயா’ என்ற பட்டையும் உள்ள அந்தப் பதக்கம் பிரிட்டிஷாரின் பொதுச் சேவைப் பதக்கமாகும். 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரை இங்கே பணியாற்றிய ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் அது வழங்கப்பட்டது. முகப்பையே பார்த்துப் பழகிய நாம் அதன் விளிம்பைப் பார்த்ததில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ‘எஸ்.சி.’ என்ற எழுத்துகள், ஓர் எண், தாத்தாவின் பெயர், கூட்டரசு மலாயாப் போலீசின் சுருக்கப் பெயர் ஆகியவை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எஸ்.சி. என்பது ஸ்பெஷல் கான்ஸ்டபிள். தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காவல் காக்க, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948 முதல் 1960 வரை இருந்த அவசரகாலத்தில் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அது ஒளிவுமறைவு இல்லாத வேலை. ‘ஸ்பெஷல்’ என்ற ஒரே சொல் இரண்டிலும் இருப்பதால், பிள்ளைகளின் காதில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் எப்போதோ ஸ்பெஷல் பிராஞ்சாக மாறியிருக்கலாம் என்பது என் ஊகம்.

ஸ்பெஷல் பிராஞ்சில் நிரந்தர அதிகாரியாக இருந்தாரா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதென்றே கருதுகிறேன். அந்தப் பிரிவு 1948-இல் குற்றப் புலனாய்வுத் துறைக்குள் வைக்கப்பட்டு, 1952-இல்தான் தனிப் பிரிவாக ஆக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் முறையான போலீஸ் அதிகாரிகள். சம்பளம், பதவி உயர்வு, இடமாற்றம், ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. தாத்தாவுக்கு ஓய்வூதியம் வந்ததில்லை. அவர் போன பிறகு பாட்டிக்கும் ஒரு காசு வந்ததில்லை. மாறாக, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்குச் சீட்டுகள் டின் நிறைய இருக்கின்றன. சேமநிதி வாரியம் 1951-இல் அமைந்தது. மறு ஆண்டு முதல் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 5, முதலாளியின் பங்காக இன்னொரு 5 என்று பிடித்தம் தொடங்கியது. கிராணியாக இருந்த காலம் முழுவதும் சேர்ந்த அந்தப் பணத்தை 55 வயதில் எடுத்துத்தான் டவுன் வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். பெரியப்பாவிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

ஜீப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது உண்மையாகவே வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் தோட்டத்து ஆபீஸ் கிராணிக்கும் போலீசுக்கும் இடையில் எவ்வளவு கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 12 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாகிவிட்டது. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று அரிசிக்குக் கணக்கு. பால்மரம் சீவப் போகிறவர் கையில் சோற்றுப் பொட்டலம் இருந்தால் வாசலில் சோதனை. எந்த லயத்தில் யார் இருக்கிறார்கள், இன்று பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) யார் வரவில்லை என்பதெல்லாம் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருந்தன. செக்ரோல் கிராணியிடம் இருந்தது. மலாயும் ஆங்கிலமும் கொஞ்சம் கன்தோனீசும் பேசிய ஒருவரை மொழிபெயர்க்கவும் அழைத்திருப்பார்கள். ஆகவே ஜீப்பில் ஏறிப் போனார் என்பதை வைத்து மட்டும் அவரை உளவாளி என்று சொல்லிவிட முடியாது.

அதிகாரி இல்லையென்றால், தகவல் கொடுப்பவராக இருந்தாரா? இங்கேதான் ஆவணங்கள் கைவிடுகின்றன. கைவிடும்படியாகவே அவை அமைக்கப்பட்டும் இருந்தன. 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே தண்ணீர்க் குழாயைச் சீர்செய்யப் போன குழு கெரில்லாக்களால் தாக்கப்பட்டு 12 பேர் இறந்தபோது, பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஜெனரல் டெம்ப்ளர் அந்த ஊருக்கு நாளில் 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கீட்டைக் குறைத்து, கம்யூனிஸ்டுகளைப் பற்றித் தெரிந்ததை எழுதச் சொல்லி வீடுதோறும் ஒரு கேள்வித்தாளை அனுப்பினார். கையெழுத்தில்லாமல் நிரப்பப்பட்ட தாள்கள் முத்திரையிட்ட பெட்டிகளில் கோலாலம்பூருக்குப் போய், அவர் முன்னிலையிலேயே திறக்கப்பட்டன. எழுதியவர் யார் என்பது எங்குமே பதிவாகாமல் இருப்பதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படை. அன்று தஞ்சோங் மாலிமில் ஏதோ ஒரு வரி எழுதிய கடைக்காரரையும் நாம் உளவாளி என்றா அழைப்போம்? இன்னொரு முனையில், மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராகவே இருந்த லாய் தெக் பிரிட்டிஷாரின் ஆள் என்பது, 1947-இல் அவர் கட்சிப் பணத்தோடு தலைமறைவாகும் வரை தொண்டர்களுக்குத் தெரியாது.

லண்டனின் கியூ ஆவணக் காப்பகத்தில் எஃப்.சி.ஓ. 141 என்ற வரிசை இருக்கிறது. குடியேற்ற நாடுகளிலிருந்து எடுத்துச் சென்று பல்லாண்டுகள் மறைத்து வைத்திருந்த கோப்புகள் அவை. 2012 முதல் வெளிவந்தன, மலாயாக் கோப்புகளும் அவற்றில் உண்டு. அங்கே இருப்பவை மேலிடத்து அறிக்கைகளும் கடிதப் போக்குவரத்துமே. தோட்டத்துக் கிராணி எவருடைய பெயரையும் தேடி அங்கே போவது வீண்செலவு. சுதந்திரத்துக்கு முன் கோலாலம்பூரிலிருந்து லாரிகளில் ஏற்றிச் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்து எரியுலைக்கு அனுப்பி எரிக்கப்பட்ட கோப்புகளும் உண்டு. இங்கே கோலாலம்பூரில், ஜாலான் டூத்தாவில் (இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில்) உள்ள நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர் இலாகாக் கோப்புகளைப் பார்க்கலாம். உளவுக் கோப்புகள் 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் நிழலில் கிடப்பவை. பெயர் அகப்படவில்லை என்பதால் அவர் செய்யவில்லை என்று ஆகாது. அகப்படாததனாலேயே பெரிய உளவாளியாகத்தான் இருந்திருப்பார் என்று சித்தப்பா வாதிடுகிறாரே, அது அதைவிடத் தவறு.

அத்தை, நீங்கள் கேட்காமல் கேட்டது வேறொன்று என்பது எனக்குத் தெரியும். தோட்டத் தொழிற்சங்கத்தில் செயலாளராக இருந்த உங்கள் தாய்மாமாவை 1948-இல் பிடித்துக்கொண்டு போய், விசாரணையின்றி அடைத்து வைத்து, பிறகு ரஜூலா கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்களே, அவர் பெயரைக் கொடுத்தது தாத்தாவா என்பதுதான் பாட்டி சாகும்வரை மனத்தில் வைத்திருந்த கேள்வி. இதற்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சுங்கை சிப்புட்டின் எல்பில் தோட்டத்திலும் அடுத்த தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் தொடங்கிய ஜூன் 16-க்கு முன்பே, அதே மாதத்தில், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவு ரத்தாகிவிட்டது. சங்கங்கள் அரசிடம் பதிவு செய்யப்பட வேண்டியவை. பதிவென்றால் பொறுப்பாளர்களின் பெயர்கள் அரசின் மேசையில் இருக்கின்றன என்று பொருள். சம்மேளனத் தலைவர் எஸ். ஏ. கணபதியையே 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்ட அரசுக்கு, ஒரு தோட்டத்துச் செயலாளரின் பெயரைத் தெரிந்துகொள்ள அவருடைய மச்சானின் உதவி தேவைப்பட்டிருக்காது. தவிர, தன் தம்பியைக் கொண்டுபோன பிறகுதான் தாத்தா ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகத் துப்பாக்கி எடுத்தார் என்று பாட்டியே சொல்லியிருக்கிறார். பிடிபட்டவரின் மச்சான் என்று ஊரே பார்த்த வேளையில், பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்ற அந்தச் சீருடையைவிடப் பாதுகாப்பான சட்டை வேறு இருந்திருக்காது என்று நான் எண்ணுகிறேன். இது தீர்ப்பன்று, என் கணிப்பு. பிற்காலத்தில், ஜீப் வந்த ஆண்டுகளில், வேறு யாரைப் பற்றியாவது ஏதாவது சொன்னாரா என்பதற்கு இந்த வாதம் பதிலாகாது. அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம். பேரப்பிள்ளைகளிடம் ‘தாத்தா ஸ்பை’ என்று சொல்லி அதை நிரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனித் தேட வேண்டிய இடம் கியூ அன்று, தஞ்சாவூர்ப் பக்கம். தாய்மாமாவின் மகள் அங்கே இருப்பதாகவும், பாட்டியின் கருமாதிக்கு அவரிடமிருந்து கடிதம் வந்ததாகவும் அப்பா சொன்னார். நாடுகடத்தியபோது தாய்மாமாவின் கையில் கொடுத்த உத்தரவில் காரணம் எழுதப்பட்டிருக்கலாம். அந்தக் கடிதத்தின் உறை உங்கள் அலமாரியில் இருந்தால், பின்பக்கத்து முகவரியைப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முதல் கடிதத்தை நீங்கள் எழுதினால்தான் முறையாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்