பாலுவையும் கூட்டிக்கொண்டு வா

கொசப்பேட்டை, வேலூர்

அன்புள்ள மூர்த்தி,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில் வழக்கம்போல. மாடி வீட்டுப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. அதை எழுதினால் இந்தத் தாள் போதாது.

விஷயம் வேறு. 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, நம்மூரில் சூரிய கிரகணம். நமக்குப் பகுதி கிரகணம்தான். ஆனால் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லவில்லை, நானே கணக்குப் போட்டேன். சிரிக்காதே, பல்லி வாத்தியார் இருந்தால் அவரும் நம்பமாட்டார்தான். ஆனால் இதற்குக் கூட்டல் தெரிந்தாலே போதும்.

ஒரு கிரகணம் வந்த தேதியோடு 18 வருஷம், 11 நாள், ஏறக்குறைய 8 மணி நேரம் கூட்டினால் அதே சாடையில் இன்னொன்று வரும். 223 அமாவாசைக்கு ஒரு தரம் சூரியன், சந்திரன், ராகு கேது என்று நாம் சொல்கிற, அவை இரண்டின் பாதையும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் எல்லாம் பழைய வரிசைக்கே திரும்பிவிடுகின்றன. 2009 ஜூலை 22 கிரகணத்தின் உச்சம் நம் கடிகாரப்படி காலை 8.05. அதோடு 18 வருஷம், 11 நாள், 7 மணி 43 நிமிடம் கூட்டினேன். 2027 ஆகஸ்ட் 2, மாலை 3.48 என்று வந்தது. விஞ்ஞானிகள் போட்டிருப்பது 3.37! சாதாரணமாக இருக்கிறதா உனக்கு?

ரொம்பக் கர்வப்படவும் முடியாது. 1825-ல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, வாய்ப்பாட்டையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தாராம். வாரன் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். பிடிக்கும் நேரத்தில் 4 நிமிடம்தான் பிசகு. விடும் நேரத்தில் 52 என்பது வேறு விஷயம்.

அந்த உபரி 8 மணி நேரம்தான் வேடிக்கை. அதற்குள் பூமி மூன்றில் ஒரு சுற்று சுற்றிவிடும். நிழல் மேற்கே தள்ளி விழும். 2009-ல் குஜராத் பக்கம் விடியற்காலையில் தொடங்கிய நிழல் பசிபிக் வரை போனது. இந்த முறை எகிப்தில் லக்சர் பக்கம் 6 நிமிடத்துக்கு மேல் இருட்டு. நமக்கு வால்தான், சாயங்காலம் 5 மணியை ஒட்டி. தெற்கே போகப் போகக் கடி பெரிதாகும். ஆடி அமாவாசை வேறு, மேகம் எப்படியோ. மூன்று தடவை கூட்டினால் 54 வருஷம், ஒரு மாதம். நிழல் நம் பக்கமே திரும்பிவிடும். 1980 பிப்ரவரி 16-க்குப் போட்டுப் பார், 2034 மார்ச் 20 வரும். அன்று கார்வார் வழியாகப் போன நிழல் அப்போது கார்கிலைத் தொடும்.

1980 என்றதும் உனக்கும் அதேதான் ஞாபகம் வந்திருக்கும். தெரு காலி. உன் பாட்டி தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினாள். (போன வாரம் நானும் நிறுத்தினேன். கிரகணம் இல்லாமலே நிற்கிறது.) வேப்ப மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெயில் பொட்டுகளெல்லாம் பிறை பிறையாகக் கிடந்தன, நாம் அதைக் காலால் மிதித்து விளையாடினோம். பாலு மட்டும் நேராகப் பார்த்தான். வலிக்கவே இல்லை என்று ஜம்பம் வேறு. விழித்திரைக்கு வலி தெரியாதுடா, மூர்த்தி. வெந்துபோனாலும் தெரியாது. போன மாதம் காட்பாடி ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். என் மூக்கைப் பார்த்தால் மூக்கு தெரிவதில்லையாம், காதைப் பார்த்தால்தான் மூக்கு லேசாகத் தெரிகிறதாம். சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுக்குத் தரையில் பிறைகளைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த மரம் இப்போது இல்லை, இலை இடுக்குக்குப் பதில் சல்லடை ஓட்டை போதும். நமக்கு உன் மருமகன் பட்டறையிலிருந்து வெல்டிங் கண்ணாடி எடுத்து வா. 14-ஆம் எண். 10, 11 என்று எதையாவது தூக்கிக்கொண்டு வராதே. பாலுவிடம் நீயே பேசு. நான் கூப்பிட்டால் சாக்குச் சொல்வான்.

உன்,
ராஜா