சாஃப்ட்வேர் பேரு மட்டும் போதுமா அண்ணாச்சி?

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் படிச்சா என்னென்ன வேலை கிடைக்கும்னு போட்டிருந்தீங்க. அனிமேஷன், கேம்ஸ், சினிமா, விளம்பரம்னு எல்லாம் சரிதான், ஆனா என்ன படிக்கணும்ங்கிற எடத்துல அஞ்சாறு சாஃப்ட்வேர் பேரு மட்டும்தான் இருந்துச்சு, ஒரு படம் ஸ்கிரீன்ல எப்படி உண்டாகுதுன்னு ஒரு வரி கூட இல்ல. பாளையங்கோட்டையில டிடிபி, ஃப்ளெக்ஸ் டிசைன் கடை வச்சிருக்கேன், அதனால சொல்லுதேன். இங்க வேலை கேட்டு வாற பிள்ளைகளுக்கு டூல் எல்லாம் தண்ணிபட்ட பாடு, எந்த மெனுவுக்குள்ள எது கிடக்குன்னு என்னைய விட வேகமா சொல்லுவாங்க, ஆனா இந்த போட்டோவ பத்தடி பேனர்ல போட்டா தாங்குமாலேன்னு கேட்டா "போட்டுப் பாத்தா தெரியும் அண்ணாச்சி"ங்காங்க. போட்டுப் பாக்கதுக்கு ஃப்ளெக்ஸ் என்ன சும்மாவா வருது?

இத்தனைக்கும் பெரிய கணக்கு ஒண்ணும் இல்ல. ஸ்கிரீன்ல தெரியுத படம் எல்லாமே பிக்சல்ங்கிற குட்டிக் கட்டங்கதான், 1920க்கு 1080 இருக்க சாதாரண மானிட்டர்ல 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் செகப்பு, பச்சை, நீலம்னு மூணு நம்பர், ஒவ்வொண்ணும் 0ல இருந்து 255 வரைக்கும், அத மாத்தி மாத்திச் சேத்தா 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் கலர். பத்தமடை பாயில கல்யாணத்துக்கு மாப்ள பொண்ணு பேரு நெய்து தருவாங்கல்லா, தள்ளி நின்னு பாத்தா எழுத்து வளைவாத்தான் இருக்கும், குனிஞ்சு பாத்தா படிப்படியாத் தெரியும், ஸ்கிரீன்ல சாய்வா ஒரு கோடு போட்டாலும் அதே கததான். எந்தக் கட்டத்த நிரப்பினா கோடு நேராத் தெரியும்னு வெறும் கூட்டல் கழித்தல்லயே கண்டுபிடிக்க ஒரு வழிய 1962லயே ஐ.பி.எம்.ங்கிற கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்த பிரெசன்ஹாம் யோசிச்சுட்டாரு, கம்ப்யூட்டர் மெதுவா ஓடுன காலத்துல அது எவ்வளவு பெரிய விஷயம். அந்தப் படி தெரியாம இருக்க ஓரத்துல நடுத்தரமான கலர் பூசி ஏமாத்துதது அப்புறம் வந்தது.

இப்ப பேனர் கணக்குக்கு வாறேன். வாட்ஸ்அப்ல நாலு பேரு கை மாறி, சுருங்கிச் சுருங்கி வந்த போட்டோ ஒண்ணு 1200 பிக்சல் அகலம்னு வைங்க. கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேணும், அப்ப அது நாலு அங்குலத்துக்குத்தான் கண்டிசனா வரும். அதையே பத்தடி ஃப்ளெக்ஸ்ல இழுத்தா 120 அங்குலம், அங்குலத்துக்கு வெறும் 10 பிக்சல், ஒவ்வொரு கட்டமும் ரெண்டரை மில்லிமீட்டருக்கு நிக்கும். வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவுல வண்டியில போறவனுக்கு அது ஒண்ணும் தெரியாது, ஆனா மண்டப வாசல்ல கிட்ட நின்னு செல்ஃபி எடுக்க சொந்தக்காரங்க கண்டிப்பா கண்டுபிடிச்சு கடைக்காரனத்தான் வைவாங்க. ஒரே ஒரு வகுத்தல் கணக்கு, ஏழாங்கிளாஸ் பிள்ளை போடும், ஆனா இத எந்த கோர்ஸ்லயும் மொத நாள் சொல்லிக் குடுக்கதா தெரியல.

போட்டோ மங்குச்சு, அதே பேனர்ல எழுத்து மட்டும் எப்படி கூர்மையா இருக்குன்னு கேப்பாங்க. எழுத்து கட்டமா இல்ல, வெக்டர், அதாவது இந்தப் புள்ளியில இருந்து அந்தப் புள்ளிக்கு இப்படி வளைஞ்சு போன்னு ஒரு கணக்கு, எத்தன அடிக்கு பெருசாக்கினாலும் கணக்க திரும்பப் போட்டு புதுசா வரைஞ்சுக்கிடும். இந்த வளைவுக்கு பெசியர் கர்வ்னு பேரு, பிரான்ஸ்ல ரெனோ கார் கம்பெனி இன்ஜினியர் பியர் பெசியர் 1960கள்ல கார் பாடி வரைய கொண்டுவந்தது, சிட்ரோயன் கம்பெனியில டி காஸ்டெல்ஜோன்னு ஒருத்தர் அதுக்கு முந்தியே 1959ல கண்டுபிடிச்சும் கம்பெனி ரகசியம்னு வெளிய விடல, பாவம். நம்ம தமிழ் ஃபான்ட்ல ழகரம் சுழிக்கதும் அந்த கார்க்காரங்க கணக்குலதான்.

கலர் இன்னொரு தலைவலி. ஸ்கிரீன் வெளிச்சத்தால கலர் காட்டுது, பேப்பர் மையால காட்டுது, அதுல சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மை. ஃபோன்ல கண்ணப் பறிக்க பச்சை பிரிண்ட்ல டல்லடிச்சா மெஷின் கோளாறு இல்ல, அந்த மையால அந்தப் பச்சைய கொண்டுவரவே முடியாது, அவ்வளவுதான்.

கிராபிக்ஸ்னா பேனரும் சினிமாவும் மட்டும்னு ஜனங்க நினைக்காங்க, அதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில சி.டி. ஸ்கேன் எடுக்காங்கல்லா, அது போட்டோவே இல்ல. எக்ஸ்ரேய சுத்திச் சுத்தி விட்டு உடம்புக்குள்ள ஒவ்வொரு சின்ன எடத்துக்கும் ஒரு நம்பர் கணக்குப் போடுது, தண்ணிக்கு 0, காத்துக்கு மைனஸ் 1000, எலும்புக்கு நூத்துக்கணக்குல இருந்து ஆயிரத்துக்கும் மேல. இத்தன நம்பரையும் ஒரே நேரத்துல கறுப்பு வெள்ளையில காட்டினா கண்ணுக்கு ஒண்ணும் பிரிஞ்சு தெரியாது, அதனால டாக்டர் ஒரு தடவ நுரையீரல் ரேஞ்ச மட்டும் விரிச்சுப் பாப்பாரு, அடுத்தாப்ல எலும்பு ரேஞ்ச விரிப்பாரு, ஸ்கேன் ஒண்ணுதான், படம்தான் வேற வேற. இத உண்டாக்குன ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், கணக்கு போட்ட கார்மாக்குக்கும் 1979ல நோபல் குடுத்தாங்க.

2023 டிசம்பர் வெள்ளத்தையும் நினைச்சுப் பாருங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி நேரத்துல எல்லாரும் ரேடார் படத்த ஃபார்வர்டு பண்ணி, ஏலே செகப்பா வருதுலேன்னு பயந்துக்கிடுதோம். மேகம் செகப்பு இல்ல, ரேடார் விட்ட அலை மழைத்துளியில பட்டு எவ்வளவு பலமா திரும்புதோ அதுக்கு ஒரு நம்பர், அந்த நம்பருக்கு ஒரு ஆள் முடிவு பண்ணின கலர். ஓரத்துல கலருக்கு நேரா என்ன நம்பர்னு ஒரு பட்டை இருக்கும், அத வெட்டிட்டு பரப்பினா அந்தப் படத்துக்கு அர்த்தமே இல்ல. உங்க பேப்பர்லயும் சில நேரம் அந்தப் பட்டை காணாம போயிருது, கோவிச்சுக்கிடாதீங்க.

3டி பத்தி எழுத எடம் பத்தாது. பொருள சின்னச் சின்ன முக்கோணமா பிரிச்சு, வெளிச்சம் எங்க இருந்து விழுதுன்னு ஒவ்வொண்ணுக்கும் கணக்கு போடுதது, அந்த வேலைக்குத்தான் கேம் ஆடுத பையங்க தனியா கிராபிக்ஸ் கார்டு கேட்டு வீட்டுல சண்டை போடுதாங்க.

நான் கேக்கது இதுதான். மாணவர் பக்கத்துல வாரம் அரைப் பக்கம் குடுத்து பிக்சல், வெக்டர், கலர், 3டின்னு ஒவ்வொண்ணா எழுத வைங்க, டவுன் பையனுக்கும் களக்காட்டுப் பையனுக்கும் புரியுத தமிழ்ல. கோர்ஸ் ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக நிறைய இருக்கு, அவங்களுக்காக வெக்டர் வரைய இன்க்ஸ்கேப், போட்டோ வேலைக்கு கிம்ப், 3டிக்கு பிளெண்டர்னு மூணு சாஃப்ட்வேரும் காசில்லாம கிடைக்குன்னு பேரோட போடுங்க, சுமாரான பழைய கம்ப்யூட்டர்லயே மொத ரெண்டும் ஓடிரும்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரன்,
பாளையங்கோட்டை.